ஆணி மூழ்கும், கப்பல் மிதக்கும் – ஏன்?

ஊரில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பழகியவர்கள் நம் கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் கைப்பழக்கத்திலேயே தெரியும். வாளி நிறைந்த பிறகும், அது தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் அவ்வளவாகக் கனம் தெரியாது. வாளி நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததுதான் தாமதம், கை கீழே இழுபடும். பத்து லிட்டர் தண்ணீர் என்றால் பத்து கிலோ. அந்தப் பத்து கிலோவை அதுவரை யார் சுமந்துகொண்டிருந்தார்கள்?

தண்ணீர்தான் சுமந்தது. கிணற்றில் உள்ள தண்ணீர், வாளியில் உள்ள தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. மிதப்பதும் மூழ்குவதும் பற்றிய விஞ்ஞானம் முழுவதும் இந்தக் கிணற்றடி அனுபவத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இதையே நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தில் 'பாயன்ஸி' என்றும், வங்காளத்தில் 'ப்ளபதா' என்றும், இந்தியில் 'உத்ப்லாவன்' என்றும் படிக்கிறார்கள். தமிழ்ப் பாடநூலில் இதற்கு 'மேல்நோக்கு விசை', 'மிதப்பு விசை' என்று பெயர். வங்காளச் சொல்லுக்கும் இந்திச் சொல்லுக்கும் அடியில் இருப்பது 'ப்லவ' என்ற வடசொல். மிதப்பது, தெப்பம் என்று அதற்குப் பொருள். நம் பஞ்சாங்கத்தில் 2021-22இல் வந்து போன 'பிலவ' வருஷமும் அதே சொல்தான். ஆக, சொல் எந்த மொழியில் இருந்தால் என்ன, விஷயம் ஒன்றுதான்.

இரண்டு மார்க் கேள்வியோடு முடிந்துபோகிற பாடம் என்றால் அதற்கு மலரில் இத்தனை பக்கம் தேவையில்லை. ஆற்றங்கரை ஊரில் குடியிருக்கிறோம். ஹவுராவுக்கு லான்ச்சில் போகிறோம். தக்ஷிணேஸ்வரத்திலிருந்து பேலூருக்குப் படகில் குடும்பத்தோடு போகிறோம். லீவுக்கு ஊருக்குப் போனால் ஆறு, குளம், அணைக்கட்டு என்று குழந்தைகளை அழைத்துப் போகிறோம். இந்தக் கணக்கு தெரிந்திருப்பது உயிரைக் காக்கும் விஷயம்.

தண்ணீர் ஏன் தூக்குகிறது?

தண்ணீருக்குள் ஆழம் போகப்போக அழுத்தம் கூடும். நீச்சல் தெரிந்தவர்கள் குளத்தின் அடிக்கு முங்கும்போது காது அடைப்பது இதனால்தான். ஒரு பொருளைத் தண்ணீருக்குள் வைத்தால் எல்லாப் பக்கமும் தண்ணீர் அதை அழுத்தும். பக்கவாட்டு அழுத்தங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மேலும் கீழும் அப்படியல்ல. பொருளின் அடிப்பாகம் அதிக ஆழத்தில் இருப்பதால், மேலிருந்து கீழே தள்ளும் விசையைவிடக் கீழிருந்து மேலே தள்ளும் விசை அதிகம். இந்த வித்தியாசம்தான் மிதப்பு விசை.

சின்னக் கணக்காகப் பார்ப்போம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பெட்டி. அதன் கொள்ளளவு சரியாக ஒரு லிட்டர். அதன் மேல்பக்கம் 10 செ.மீ. ஆழத்திலும், அடிப்பக்கம் 20 செ.மீ. ஆழத்திலும் இருக்கும்படி தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிப்போம். மேல்பக்கத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 10 கிராம் தண்ணீரின் பளு. அடிப்பக்கத்தில் 20 கிராம் அளவுக்கு மேல்நோக்கிய தள்ளல். வித்தியாசம் 10 கிராம். பெட்டியின் அடிப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1000 கிராம், அதாவது ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடையும் அதே ஒரு கிலோ!

பெட்டியை இன்னும் ஒரு மீட்டர் கீழே கொண்டு போனாலும் விடை மாறாது. மேலும் கீழும் அழுத்தம் ஒரே அளவு கூடுவதால் வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். பெட்டிக்குள் பஞ்சு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்பதும் தண்ணீருக்குத் தெரியாது. எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டாய் என்று மட்டுமே அது கேட்கும். அந்த இடத்தில் முன்பு இருந்த தண்ணீரைத் தாங்கிய அதே விசையால் உன்னையும் தாங்குவேன் என்கிறது, அவ்வளவுதான்.

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கண்டு சொன்னது இதையே: ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளப்படுகிறது.

ஆர்க்கிமிடீஸ் என்றதும் குளியல் தொட்டியும் தங்கக் கிரீடமும் நினைவுக்கு வரும். அந்தக் கதையை எழுதி வைத்தவர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடீஸே எழுதிய நூலில் கிரீடக் கதை கிடையாது. கணக்கும் கொஞ்சம் இடிக்கிறது. ஒரு கிலோ சுத்தத் தங்கம் ஒதுக்கும் தண்ணீர் சுமார் 52 மில்லி. அதில் முப்பது சதவீதம் வெள்ளி கலந்திருந்தால் சுமார் 65 மில்லி. கிரீடம் உள்ளே போகும்படி 20 செ.மீ. அகலமுள்ள வட்டப் பாத்திரம் எடுத்தால், இந்த 13 மில்லி வித்தியாசம் நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது. கண்ணால் பார்த்துத் திருடனைப் பிடிப்பது கஷ்டம். இதைவிட நுட்பமாக, தராசைத் தண்ணீரில் அமிழ்த்தி நிறுக்கும் வழியைத்தான் ஆர்க்கிமிடீஸ் கையாண்டிருக்க வேண்டும் என்று கருதினார் கலிலியோ. 1586இல், இருபத்திரண்டு வயதில், அப்படி ஒரு தராசைப் பற்றிச் சிறு நூலே எழுதினார்.

எடையா, இடமா?

"ஆணி முழுகுது, அத்தனை பெரிய கப்பல் எப்படிப்பா மிதக்குது?" – குழந்தைகள் கேட்டே தீரும் கேள்வி. 'கப்பல் லேசா இருக்கும்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு கிலோ இரும்புக் கட்டியை எடுத்துக்கொள்வோம். அது அடைக்கும் இடம் சுமார் 127 மில்லி. ஆகவே தண்ணீர் அதை 127 கிராம் அளவுக்குத்தான் தூக்கும். கட்டியின் எடையோ ஆயிரம் கிராம். மூழ்கிவிடும். அதே ஒரு கிலோ இரும்பைத் தகடாக அடித்து, மூன்று லிட்டர் கொள்ளும் சட்டியாக வளைத்துத் தண்ணீரில் வையுங்கள். சட்டி கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, ஒரு லிட்டர் தண்ணீரை ஒதுக்கியதும் நின்றுவிடும். ஒதுக்கிய தண்ணீர் ஒரு கிலோ, சட்டியும் ஒரு கிலோ. கணக்கு நேர். மூன்றில் இரண்டு பங்கு கொள்ளளவு இன்னும் பாக்கி இருப்பதால், மேலும் இரண்டு கிலோ வரைகூட அதில் சாமான் ஏற்றலாம்.

இரும்பு மாறவில்லை, எடை மாறவில்லை. அடைத்துக்கொண்ட இடம் மாறியது. எடையை இடத்தால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி. மொத்தப் பொருளின் சராசரி அடர்த்தி தண்ணீருடையதைவிடக் குறைந்தால் மிதக்கும், கூடினால் மூழ்கும்.

வீட்டில் குழந்தைகளுக்குக் காட்ட, சமையலறை அலுமினியத் தாள் போதும். ஒரே அளவில் இரண்டு துண்டு கிழித்து, ஒன்றைக் காற்று நிற்காதபடி மடித்து மடித்துத் தட்டி இறுக்குங்கள்; இன்னொன்றைக் கிண்ணமாக வளையுங்கள். இறுக்கியது அடியில் போய் உட்காரும், கிண்ணம் மிதக்கும்.

நம் பெண்கள் பாடப் புத்தகம் இல்லாமலே இந்த அடர்த்திச் சோதனையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வடைக்கு அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எதற்காக? நன்றாக அரைபட்ட மாவில் காற்று நுண்குமிழிகளாகக் கலந்திருக்கும். எடை கூடாமல் இடம் கூடும். மாவு மிதந்தால் வடை மெத்தென்று வரும், அடியில் தங்கினால் கல்லாகும். கடாயில் போட்ட பூரி உப்பியதும் எண்ணெய்க்கு மேலே வந்து மிதப்பதும் இதே கதை. முட்டை பழசானால் ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். எடை குறைகிறது, அளவு அப்படியே இருக்கிறது. அதனால் பழைய முட்டை தண்ணீரில் எழும்பி நிற்கும்.

தண்ணீரின் அடர்த்தியையும் மாற்றலாம். உழவர்கள் விதைநெல் தேர்வில் செய்வது அதுதான். நல்ல தண்ணீரில் புது முட்டை அடியில் கிடக்கும். அது மேலே வந்து மிதக்கும்வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போவார்கள். பிறகு அந்த உப்புநீரில் விதையைக் கொட்டினால், பதரும் அரைகுறையாக முற்றிய மணியும் மிதந்துவிடும். அவற்றை வாரி எறிந்துவிட்டு, அடியில் தங்கிய கனத்த மணிகளை நல்ல தண்ணீரில் அலசி விதைக்கு எடுப்பார்கள்.

கட்டுமரமும் கப்பலும்

மிதப்பதில் இரண்டு வழி உண்டு. பொருளே லேசாக இருந்து மிதப்பது ஒன்று. வெற்றிடத்தை அணைத்துக்கொண்டு மிதப்பது இன்னொன்று.

கட்டுமரம் முதல் வகை. உலகத்துக்கே 'கட்டமரான்' என்று தன் பெயரைக் கொடுத்த நம் கடற்கரைச் சொத்து. லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அதற்கு உட்குழிவு கிடையாது. அலை மேலே ஏறி அடித்தாலும் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும். 'உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்கியது' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதன் எதிரி ஒன்றுதான்: மரம் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப் போவது. அதற்காகத்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

தோணி, லான்ச், கப்பல் எல்லாம் இரண்டாம் வகை. அவற்றைக் காப்பது இரும்போ மரமோ இல்லை, உள்ளே தண்ணீர் புகாத காலி இடம்தான். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கப்பல் மறுபடியும் ஆணியாகிவிடும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலுக்கு நேர்ந்தது இதுவே. அதன் அடிப்பகுதி 16 அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. முன்பக்கத்து நான்கு அறைகளில் நீர் புகுந்தாலும் தாங்கும்படி கட்டியிருந்தார்கள். பனிப்பாறை உரசியதில் அதற்கும் மேற்பட்ட அறைகளில் தண்ணீர் புகுந்தது. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது.

கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

காலி இடம்தான் காப்பு என்றால், எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராசைபிடித்த சில முதலாளிகள் பழைய கப்பல்களை இன்ஷூர் செய்துவிட்டு, சரக்கை அளவில்லாமல் ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் போனால் இன்ஷூரன்ஸ் பணம். மாலுமி போனால் அவன் தலையெழுத்து. அவற்றுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே பெயர் இருந்தது. இதை எதிர்த்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் விடாமல் போராடியவர் சாமுவேல் பிளிம்சால். கப்பலின் பக்கத்தில் சரக்கு வரம்புக் கோடு இருக்க வேண்டும் என்ற சட்டம் 1876இல் வந்தது. கோட்டை எங்கே போடுவது என்பதை முதலில் முதலாளிகளிடமே விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1930இல் அது உலக நாடுகளின் ஒப்பந்தமாகவும் ஆயிற்று. வட்டத்தின் நடுவே ஒரு கோடு, பக்கத்திலே ஏணிப்படி மாதிரி சில கோடுகள் – துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தால் இன்றும் காணலாம்.

ஏன் பல கோடுகள்? கடல்நீர் உப்புநீர், ஒரு லிட்டர் சுமார் 1025 கிராம். ஆற்றுநீர் ஆயிரம் கிராம்தான். ஆகவே அதே கப்பல், அதே சரக்கோடு கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தால் சற்றுக் கூடுதலாக அமிழும். நம் கொல்கத்தாத் துறைமுகம் கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே, ஹூக்ளி ஆற்றின் மேல் இருக்கிறது. கடலில் 8 மீட்டர் ஆழம் அமிழ்ந்து மிதக்கும் கப்பல், நல்ல தண்ணீருக்குள் வந்ததும் ஏறக்குறைய 8 மீட்டர் 20 செ.மீ. அமிழும். மணல்திட்டு நிறைந்த ஹூக்ளியில் இந்த 20 சென்டிமீட்டர் சாமானியமில்லை. தரைதட்டுவதா தப்பிப்பதா என்பதே அதில் இருக்கிறது. அதனால்தான் நல்ல தண்ணீருக்கு ஒரு கோடு, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலக் கொந்தளிப்புக்கு ஒன்று என்று தனித்தனியே போட்டிருக்கிறார்கள்.

நாம் ஏறும் சிறு படகுக்கும் இதே கணக்கு. நீர்மட்டத்தில் 8 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு படகில் 60 கிலோ ஆள் ஒருவர் ஏறினால், அது முக்கால் சென்டிமீட்டர் கீழே இறங்கும். 'இன்னும் ஒருத்தர்தானே' என்று தோன்றும். இப்படி இருபது பேர் கூடுதலாக ஏறினால் 15 செ.மீ. போய்விடும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத நிலையில் பக்கத்தில் ஒரு பெரிய லான்ச் போனால், அதன் அலை நேரே உள்ளே வரும். உள்ளே வந்த தண்ணீரும் எடைதான்; படகு இன்னும் இறங்கும், அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும்.

மிதந்தால் போதுமா?

போதாது, நிமிர்ந்து மிதக்க வேண்டும். படகின் எடை அதன் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி இழுக்கிறது. தண்ணீரின் தூக்கல், ஒதுக்கப்பட்ட நீரின் மையத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிக நீர் ஒதுக்கப்பட்டு, தூக்கல் அந்தப் பக்கமாக நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கும். எடை தாழ்வாக இருக்கும்வரை தண்ணீர் ஜெயிக்கும். எடை உயரத்தில் இருந்தால், சாய்ந்த பக்கமே எடையும் நகர்ந்து படகைக் கவிழ்த்துவிடும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றாலே எடை உயரும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஓர் இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். வெளிமாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்தவர்கள் பலர். விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய இரட்டைத்தளச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர், குழந்தைகள் பலர். இந்த இரண்டு இடத்திலும் தண்ணீர் தன் விதியை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் உடம்பும் ஒரு படகுதான்

நிறைய மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே குறைவு. 60 கிலோ மனிதருக்கு மிச்சம் இருக்கும் மிதப்பு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ. தலையின் எடை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ. ஆகவே முழுத் தலையையும் வெளியே நீட்டிக்கொண்டு சும்மா மிதக்க யாராலும் முடியாது. மல்லாந்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும்படி மிதக்கலாம். மூச்சை முழுக்க விட்டுவிட்டால் அந்த மிச்சமும் போய்விடும்.

தவறி விழுந்தவர் முதலில் என்ன செய்கிறார்? 'காப்பாத்துங்க' என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குகிறார். ஒரு கை சுமார் மூன்று கிலோ. இரண்டு கையும் வெளியே வந்தால் அவை ஒதுக்கிய ஆறு லிட்டர் தண்ணீரின் தாங்கல் போயிற்று. இருப்பதோ ஒன்றரை கிலோ மிச்சம். தலை உள்ளே போய்விடுகிறது. கத்தியதில் மூச்சும் போயிற்று. கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, காதுவரை நனைந்தாலும் பரவாயில்லை என்று முகத்தை மட்டும் மேலே வைத்துக்கொள் – இந்த ஒரு பாடத்தை நீச்சல் தெரியாத குழந்தைக்கும் பயிற்சி பெற்றவர் துணையோடு ஆழமில்லாத குளத்தில் பழக்கிவிட வேண்டும்.

உயிர்காப்பு மேலங்கி செய்வதும் இவ்வளவுதான். எடை கூட்டாமல் ஏழெட்டு லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதாவது ஏழெட்டு கிலோ தூக்கல். முகம் வெளியே நிற்க அது போதும். அவசரத்துக்கு, மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தாங்கும். இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூடி வீசினால் ஒரு பெரியவரே பற்றிக்கொண்டு மிதக்கலாம். நீச்சலில் தேர்ந்தவர் தவிர வேறு யாரும் குதிக்கக் கூடாது. பயந்தவர் கட்டிப்பிடித்தால் இருவரும் போவார்கள். கயிறு, கேன், புடவை – எது கையில் இருக்கிறதோ அதை எறியுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் தத்தளித்த இளைஞர்களை நோக்கித் தங்கள் புடவைகளையே வீசி இருவரைக் கரைசேர்த்த மூன்று பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது அளித்துப் பாராட்டியது.

அடுத்த முறை குடும்பத்தோடு படகில் ஏறும்போது, டிக்கெட் எடுத்த கையோடு மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்? விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? எல்லாருக்கும் மேலங்கி இருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். படகுக்காரர் முகம் சுளிப்பார், கூட வந்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அரை மணி நேரம் போனால் போகிறது. ஏறிய பிறகு படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போகாமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருங்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், கிணற்று வாளியிலிருந்து ஆரம்பித்துத் தமிழிலேயே சொல்லுங்கள். புரியும்.